‘அப்பாவைக் கூட்டிட்டு வா’: கல்லூரி விசாரணையில் மாணவருக்குத் துணை யார்?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஒழுங்கு நடவடிக்கைக்கென்று அச்சிட்ட விதிப் புத்தகம் இருக்கிறதோ இல்லையோ, எழுதாத விதி ஒன்று நிச்சயம் உண்டு. முதலில் மாணவரின் ஐ.டி. கார்டு பறிபோகும். “நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா, அப்புறம் கிளாஸுக்கு வரலாம்” என்பார் துறைத்தலைவர். மறுநாள் அந்த அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்து, ஹெச்.ஓ.டி. அறைக்கு வெளியே காத்திருப்பார். உள்ளே கூப்பிட்டதும், பிள்ளை என்ன செய்தான் என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே, “இந்த ஒரு தடவை மன்னிச்சிடுங்க சார், இனிமே நான் பாத்துக்கறேன்” என்று கைகூப்புவார். சிலர் அங்கேயே பிள்ளையை ஓங்கி அறைவதும் உண்டு. அறை விழுந்ததும் எல்லோருக்கும் ஒரு நிம்மதி, விசாரணை முடிந்துவிட்டதல்லவா! பிறகு ஒரு வெள்ளைத்தாள் வரும். நான் செய்தது தவறு, இனி இப்படி நடந்துகொள்ள மாட்டேன், மீறினால் நிர்வாகம் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன் என்று யாராவது ஒருவர் சொல்லச் சொல்ல மாணவர் எழுதுவார். கீழே அவர் கையெழுத்து, அப்பா கையெழுத்து, தேதி.

சின்னத் தவறுகளுக்கு இந்த முறை போதும் என்பதை மறுக்க முடியாது. காவல் நிலையம்வரை போயிருக்க வேண்டிய அடிதடியைத் தன் அறைக்குள்ளேயே பேசித் தீர்த்து, ஒரு பையனின் படிப்பைக் காப்பாற்றிய பேராசிரியர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். விவகாரம் பெரிதாகும்போதுதான் சிக்கல். அன்று பயத்தில் எழுதிக்கொடுத்த கடிதம் ஒப்புதல் வாக்குமூலமாகக் கோப்பில் உட்கார்ந்துகொள்ளும். குற்றம் சாட்டியவரும் விசாரித்தவரும் தீர்ப்புச் சொன்னவரும் ஒரே ஆளாக இருப்பார். துணைக்கு வந்திருக்க வேண்டிய பெற்றோர் இரண்டாவது குற்றவாளியாக நின்றிருப்பார். உன் பக்கம் என்ன நடந்தது என்று மாணவரிடம் கேட்க அந்த அறையில் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். தண்டனை கடுமையாக இருக்க வேண்டுமா, மென்மையாக இருக்க வேண்டுமா என்று நாம் வாதிடும் நேரத்தில் கால் பங்கையாவது, புகாருக்கும் தண்டனைக்கும் இடைப்பட்ட அந்த நாட்களுக்கு ஒதுக்கியாக வேண்டும். மாணவர் திருந்துவதும் கெட்டுப்போவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் முடிவாகிறது.

கடுமை வேண்டும் என்ற எண்ணத்துக்குத் தமிழ்நாட்டில் வலுவான காரணம் உண்டு. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்த பொன் நாவரசு கொல்லப்பட்டார். அப்போதைய சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொன்னுசாமியின் மகன் அவர். குற்றம் சாட்டப்பட்ட மூத்த மாணவருக்குக் கீழமை நீதிமன்றம் 1998இல் ஆயுள் தண்டனை விதித்தது. 2001இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை மீண்டும் நிலைநிறுத்தியது. அந்தக் கொலையின் அதிர்ச்சியில் பிறந்ததுதான் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம். ராகிங் செய்தவருக்கு 2 ஆண்டுவரை சிறை, 10,000 ரூபாய்வரை அபராதம். தண்டனை பெற்றவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார். வேறெந்தக் கல்வி நிறுவனத்திலும் சேர முடியாது. புகார் வந்தும் கண்டுகொள்ளாத முதல்வரும் குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படுவார்.

2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தில் அமன் கச்ரூ என்ற 19 வயது மருத்துவ மாணவர் மூத்த மாணவர்கள் அடித்ததில் இறந்தார். அதே ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) நாடு முழுவதற்குமான ராகிங் தடுப்பு ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. சி.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநர் ஆர்.கே. ராகவன் தலைமையிலான குழு 2007இல் கொடுத்த அறிக்கை அதற்கு முன்பே இருந்தது. வகுப்பிலிருந்து இடைநீக்கம், தேர்வெழுதத் தடை, விடுதியிலிருந்து வெளியேற்றம், ஒன்று முதல் நான்கு பருவங்கள்வரை விலக்கி வைத்தல், நிரந்தர நீக்கம் என்று படிப்படியான தண்டனைகளை 2009 ஒழுங்குமுறை வகுத்தது. விசாரணை இயற்கை நீதிக் கோட்பாட்டின்படி நடக்க வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன் தரப்பைச் சொல்லப் போதிய வாய்ப்புத் தர வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. கல்லூரிச் சுவர்களில் ஒட்டியிருக்கும் ராகிங் எச்சரிக்கைப் பலகைகளில் தண்டனைப் பட்டியல் கொட்டை எழுத்தில் இருக்கும். இந்த வரியை மட்டும் நான் எங்கும் பார்த்ததில்லை.

பெற்றோருக்கு அந்த ஒழுங்குமுறை தந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். சேர்க்கையின்போது மாணவரோடு பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும்: என் பிள்ளை ராகிங்கில் ஈடுபட மாட்டான், ஈடுபட்டால் தண்டனைக்கு உட்படுவான் என்று. பள்ளியிலிருந்து வரும் சான்றிதழில் மாணவர் மற்றவர்களோடு பழகும் விதம் பற்றிய குறிப்பு இருக்க வேண்டும். குறிப்பு சரியில்லை என்றால் அந்த மாணவரைக் கல்லூரி தீவிரமாகக் கண்காணிக்க வேண்டும். பதினேழு வயதில் கோபக்காரன் என்று பெயரெடுத்த பையனைப் பற்றிக் கல்லூரிக்கு முன்கூட்டியே தெரிகிறது. அவனை ஓர் ஆலோசகரிடம் அனுப்பலாம், ஒரு நல்ல ஆசிரியரின் பொறுப்பில் விடலாம். விதி எழுதியவர்களுக்கு முதலில் தோன்றியது கண்காணிப்புதான். போதாததற்கு, செய்தவர் யாரென்று தெரியாவிட்டால் கூட்டுத் தண்டனை கொடுக்கவும் அதில் வழி இருக்கிறது. வேடிக்கை பார்த்தவனுக்கும் தூங்கிக்கொண்டிருந்தவனுக்கும் ஒரே தண்டனை என்றால், அடுத்த முறை உண்மையைச் சொல்ல எவன் வருவான்?

மாணவரையும் கேட்டுத்தான் தண்டிக்க வேண்டும் என்பதை நம் நீதிமன்றங்கள் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டன. உத்தரப் பிரதேசத்தில் தேர்வில் முறைகேடு செய்ததாகச் சில மாணவர்களின் முடிவை அவர்களைக் கேட்காமலேயே தேர்வு வாரியம் ரத்து செய்தது. வாரியம் நிர்வாக வேலையைச் செய்யவில்லை, நீதி வழங்கும் வேலையைச் செய்கிறது. ஆகவே கேட்காமல் முடிவெடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1962இல் தீர்ப்பளித்தது. கேரளப் பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் வழக்கில் 1968இல் அதே நீதிமன்றம் வேறொன்றையும் சொன்னது: இயற்கை நீதி எல்லா இடத்துக்கும் ஒரே அளவாகத் தைத்த சட்டை அல்ல, கல்லூரி விசாரணை நீதிமன்ற விசாரணைபோல நடக்க வேண்டியதில்லை. இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையிலேதான் கல்லூரி நிற்க வேண்டும். அமெரிக்காவிலும் இதே காலத்தில் இதே கேள்வி எழுந்தது. 1960இல் அலபாமா மாநிலக் கல்லூரியின் கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டுமான சிற்றுண்டிச் சாலையில் உட்கார்ந்து போராடினார்கள், விசாரணையின்றி நீக்கப்பட்டார்கள். அரசுக் கல்லூரி மாணவரை நீக்குவதற்கு முன் குற்றச்சாட்டைத் தெரிவித்துக் கேட்டாக வேண்டும் என்று 1961இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கல்லூரி நிர்வாகம் எல்லா நேரமும் ஒழுக்கத்தின் பக்கம் நிற்பதில்லை என்பதற்கு அந்த வழக்கே சாட்சி.

சரி, பத்தொன்பது வயதில் பிள்ளைகள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள்? கெட்ட சகவாசம் என்பது வீட்டில் கிடைக்கும் பதில். அதில் பாதி உண்மை இருப்பதாக உளவியல் ஆய்வுகளும் சொல்கின்றன, ஆனால் நாம் நினைக்கும் பொருளில் அல்ல. மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் 306 பேரைக் கணினியில் ஒரு காரோட்டும் விளையாட்டை ஆட வைத்தார்கள். மஞ்சள் விளக்கு எரிந்த பிறகு எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்பதுதான் சோதனை. பாதிப் பேர் தனியாக ஆடினார்கள், மீதிப் பேர் தம் வயதுக்காரர்கள் இருவரோடு. தனியாக ஆடியபோது வயதுக்கேற்ற வித்தியாசம் பெரிதாக இல்லை. கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளும் 18 முதல் 22 வயது இளைஞர்களும் அதிக ஆபத்தில் இறங்கினார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் பெரிய மாற்றமில்லை. கெடுத்த நண்பன் என்று ஒருவனைக் கைகாட்டத் தேவையில்லை. நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும்.

சென்னையின் ‘ரூட்டு தல’ கலாசாரத்தை இந்த ஆய்வை மனதில் வைத்துக்கொண்டு பார்க்கலாம். கும்மிடிப்பூண்டி, திருத்தணி, பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து தினமும் ரயிலிலும் மாநகரப் பேருந்திலும் நகரத்துக் கலைக் கல்லூரிகளுக்கு வருகிற பையன்கள் அவர்கள். பெரும்பாலோர் வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள். வகுப்பறையில் அவர்களுக்குப் பெயரில்லை. பேருந்தின் படிக்கட்டில் பெயர் இருக்கிறது. ஒவ்வொரு வழித்தடத்துக்கும் ஒரு தல, அவனுக்கு ஒரு கூட்டம், கானா, மேளம், எதிர்க் கல்லூரியோடு பகை. 2019 ஜூனில் கல்லூரி திறந்த நாளன்று பேருந்தின் கூரைமேல் ஏறி வந்த மாணவர்கள், ஓட்டுநர் பிரேக் போட்டதும் கொத்தாக முன்னால் விழுந்த காணொலியை நாடே பார்த்தது. அடுத்த மாதமே கத்தி வெட்டு. காவல்துறை ரூட்டு தலைகளைக் கூப்பிட்டு நன்னடத்தைப் பிணைப் பத்திரம் எழுதி வாங்கியது. அதன் பிறகும் மோதல்கள் ஓயவில்லை, உயிர்களும் போயின. பத்திரத்தில் கையெழுத்திட்டவன் ஒரு தனி ஆள். தவறு செய்கிறவனோ கூட்டத்தில் நிற்கிற ஆள். முன்னவனை எச்சரித்துப் பின்னவனை மாற்றிவிட முடியாது.

உளவியலாளர் டெர்ரி மொஃபிட் 1993இல் முன்வைத்த பகுப்பு இங்கே உதவும். விடலைப் பருவத்தில் விதிமீறும் பெரும்பாலானோர் அந்தப் பருவத்தோடு அதை விட்டுவிடுகிறார்கள். சிறுவயதிலேயே தொடங்கி வாழ்நாள் முழுக்கத் தொடர்பவர்கள் மிகச் சிலர் என்றார் அவர். விட்டுவிடக்கூடியவரை விடவிடாமல் தடுப்பவையும் உண்டு: பாதியில் நின்ற படிப்பு, காவல் நிலையப் பதிவு, வேலை கிடைக்காமை. தண்டனையே அந்தத் தடையாகிவிட்டால் கல்லூரி ஒரு தற்காலிகக் குறும்பனை நிரந்தரக் குற்றவாளியாக்கி அனுப்புகிறது என்றே பொருள். உளவியலாளர் டாம் டைலர் சிகாகோ நகரவாசிகள் 1,575 பேரிடம் நடத்திய ஆய்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மக்கள் சட்டத்துக்குக் கட்டுப்படுவது தண்டனைப் பயத்தால் என்பதைவிட, சட்டத்தை நடத்துகிறவர்கள் நியாயமாக நடத்துகிறார்கள் என்ற நம்பிக்கையால்தான் என்று 1990இல் வந்த தன் நூலில் அவர் காட்டினார். தீர்ப்பு பாதகமாக வந்தாலும், ‘நான் சொன்னதைக் கேட்டார்கள்’ என்று தோன்றியவர் ஏற்றுக்கொள்கிறார். ஹெச்.ஓ.டி. அறையில் அப்பா அறைந்ததைப் பார்த்த பையன் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: அடுத்த முறை மாட்டிக்கொள்ளக் கூடாது.

இனி பெற்றோர் பக்கம் வருவோம். கல்லூரியிலிருந்து போன் வந்த அன்று இரவுதான் முக்கியம். கோபம், அவமானம், ஊர் என்ன சொல்லும் என்ற பயம் எல்லாம் அன்றிரவே வரும். எல்லாம் நியாயமானவைதான். ஆனால் அன்று பெற்றோர் செய்ய வேண்டிய வேலை ஒன்றே: குறுக்கிடாமல் முழுவதையும் கேட்பது. “என் பிள்ளை அப்படிச் செய்ய மாட்டான்” என்பதும் “நீ செஞ்சிருப்ப, எனக்குத் தெரியும்” என்பதும் பிள்ளையின் வாயை அடைக்கும் விதத்தில் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. கேட்ட பிறகு நடந்ததைத் தேதி, நேரம், இடம், உடனிருந்தவர்கள் என்று பிள்ளையையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். நான்கு நாள் கழித்து விசாரணைக் குழுவின் முன் உட்காரும்போது நினைவு குழம்பும். அந்தத் தாள் குழம்பாது. எழுதும்போதே தான் செய்தது எவ்வளவு பெரிய தவறு என்று பல பிள்ளைகளுக்கு உறைக்கும் என்பது கூடுதல் பயன்.

செய்யக் கூடாதவை மூன்று உண்டு, மூன்றையும் நம் வீடுகளில் நல்லெண்ணத்தோடு செய்கிறோம். புகார் கொடுத்த மாணவியின் வீட்டுக்கோ மாணவரின் வீட்டுக்கோ போய்ச் சமாதானம் பேசுவது முதலாவது. நீங்கள் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருப்பீர்கள். மிரட்ட வந்தார்கள் என்றுதான் அது பதிவாகும், பல நேரம் அவர்களுக்கு உண்மையிலேயே மிரட்டலாகத்தான் இருக்கும். இரண்டாவது, கவுன்சிலர், சாதிச் சங்கம், தெரிந்த அதிகாரி என்று ஆள் பிடிப்பது. அப்படித் தப்பித்த பிள்ளை தன் தவறைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. மூன்றாவது, போனில் இருக்கும் செய்திகளை அழிப்பது. பிள்ளையைக் காப்பாற்றக்கூடிய செய்தியும் அதோடு சேர்ந்து போகும். வழக்கு என்று வந்துவிட்டால் சாட்சியத்தை அழித்ததாக வேறு ஆகும்.

மன்னிப்புக் கடிதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தவறு நடந்திருந்தால் மன்னிப்புக் கேட்பதில் இழிவில்லை. ஆனால் அது பிள்ளையின் சொந்த வார்த்தையில், அவன் செய்ததை மட்டும் சொல்வதாக இருக்க வேண்டும். சொல்லச் சொல்ல எழுதும் கடிதத்தில் செய்யாததும் சேர்ந்துகொள்ளும். “யோசித்து நாளைக்கு எழுதித் தருகிறோம் சார், குற்றச்சாட்டை எழுத்தில் கொடுங்கள்” என்று பணிவாகச் சொல்வதற்குப் பெற்றோருக்கு உரிமை உண்டு. தேர்வறையில் ‘பிட்’டோடு பிடிபட்ட மாணவரிடம் அங்கேயே எழுதி வாங்கும் வாக்குமூலத்துக்கும் இது பொருந்தும். கூலி வேலைக்குப் போகும் ஒரு தகப்பனார் முனைவர் பட்டம் பெற்றவர்கள் சூழ்ந்த மேசையின் முன் இதைச் சொல்வது எளிதல்ல என்பது தெரியும். அதனால்தான், மூன்றாவதாக ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள் என்கிறேன்: பள்ளி ஆசிரியராக இருக்கும் சித்தப்பா, அதே கல்லூரியில் படித்த பக்கத்து வீட்டு அக்கா, யாராவது. காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகியிருந்தால் அது வேறு விஷயம். முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள், பிறகுதான் கல்லூரிக்கு எதையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இடைநீக்கத்தில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். யாரிடமும் பேசாமல், சாப்பிடாமல், போனை அணைத்துவிட்டு அறைக்குள் முடங்குவது திமிரல்ல. டெலி மானஸ் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். மாநில அரசின் 104 எண்ணும் இருக்கிறது. பிள்ளைக்கு மட்டுமல்ல, தூக்கமில்லாமல் கிடக்கும் பெற்றோருக்கும்தான்.

பெற்றோரை அழைப்பதே சரியா என்ற கேள்வியும் உண்டு. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டின் கல்வி அந்தரங்கச் சட்டப்படி, மாணவர் 18 வயதைத் தொட்டாலோ கல்லூரியில் சேர்ந்தாலோ அவருடைய கல்விப் பதிவுகளின் மீதான உரிமை அவருக்கே போய்விடுகிறது. 21 வயதுக்குட்பட்டவர் மது, போதைப்பொருள் விதியை மீறினால் பெற்றோருக்குச் சொல்லலாம் என்று 1998இல் ஒரு விலக்கு சேர்த்தார்கள். அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. கட்டணம் கட்டுவதும் கண்ணீர் விடுவதும் இங்கே வீடுதான். ஆனால் எல்லா வீடும் ஒரே மாதிரி அல்ல. ஒரு பெண் வகுப்புத் தோழனோடு பைக்கில் போனாள் என்று வார்டன் வீட்டுக்குப் போன் செய்தால், அந்த வாரமே படிப்பு நின்று மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் வீடுகள் இருக்கின்றன. சாதி மீறிய காதலுக்காகப் பிள்ளைகளைக் கொன்ற வீடுகளும் இந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன. காதல் ஒழுங்கு மீறல் அல்ல. போன் செய்யும் முன் “உன் வீட்டில் யாரிடம் சொன்னால் உனக்கு நல்லது?” என்று மாணவியிடமே கேட்பது கல்லூரியின் குறைந்தபட்சக் கடமை.

கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் செய்ய வேண்டியவற்றில் பணம் தேவைப்படுபவை குறைவு. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுப்பதற்கு ஒரு தாள் போதும். பதில் தருவதற்குச் சில நாட்கள், புகார் சொன்ன ஆசிரியரே தீர்ப்புச் சொல்லும் குழுவில் இல்லாமை, மாணவர் விரும்பும் ஒருவரை உடன் உட்கார வைக்க அனுமதி, காரணம் எழுதிய உத்தரவு, மேல்முறையீட்டுக்கான வழி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பல்கலைக்கழகம் எடுத்த முடிவில் குறை கண்ட மாணவர் சுயேச்சையான தீர்ப்பாய அலுவலகம் ஒன்றுக்குப் போகலாம். அந்த அலுவலகம் வெளியிட்ட ஒழுங்கு நடவடிக்கை வழிகாட்டியில், விசாரணையை எதிர்கொள்ளும் மாணவருக்கு ஆலோசனையும் ஆதரவும் கிடைக்க வேண்டும் என்பது திரும்பத் திரும்ப வருகிறது. மாணவர் சங்கம் அங்கே அந்த வேலையைச் செய்கிறது. இங்கே பல கல்லூரிகளில் மாணவர் சங்கத் தேர்தலே இல்லை.

இடைநீக்கத்தின் கணக்கை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் அதிகக் காயம் அங்கேதான். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். தேர்வெழுத 75 சதவீத வருகை வேண்டும் என்றால் 68 நாள் வந்திருக்க வேண்டும். 22 நாள்தான் விடலாம். காய்ச்சல், அக்கா கல்யாணம் என்று ஏற்கெனவே 10 நாள் போய்விட்ட மாணவரை விசாரணை முடியும்வரை என்று சொல்லி 15 நாள் வெளியே நிறுத்தினால் வருகை 65 நாள், அதாவது 72 சதவீதம். தேர்வு போயிற்று. பிறகு விசாரணையில் அவர்மீது தவறில்லை என்று தெரிந்தாலும் அந்தப் பருவம் திரும்பாது. விசாரணைக் கால இடைநீக்கம் தண்டனை அல்ல என்று விதி சொல்கிறது. வருகைப் பதிவேட்டுக்கு அது தெரியாது. அந்த நாட்களை வருகைக் கணக்கிலிருந்து விலக்க ஒரு சுற்றறிக்கை போதும். உண்மையிலேயே ஆபத்து இருக்கும்போது மட்டும் இடைநீக்கம், அதற்கும் ஒரு கடைசித் தேதி, பாடக் குறிப்பு கிடைக்க ஏற்பாடு என்று மூன்றையும் சேர்த்துவிட்டால் பெரும்பகுதி அநியாயம் தீரும்.

விடுதியிலிருந்து வெளியேற்றுவதும் இப்படித்தான். உள்ளூர்க்காரருக்கு அது அசௌகரியம். வெளியூர் ஏழை மாணவருக்கு அது தெரு. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 2015இல் ரோஹித் வேமுலா உள்ளிட்ட ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் விடுதியிலிருந்தும் வளாகத்தின் பொது இடங்களிலிருந்தும் விலக்கப்பட்டார்கள். 2016 ஜனவரியில் ரோஹித் இறந்த பிறகே அந்தத் தண்டனை எவ்வளவு கொடூரமானது என்று நாடு விவாதித்தது. ஒரு மாணவரின் இறப்புக்கு ஒற்றைக் காரணம் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் யாருக்கு, எந்தச் சாதியினருக்கு, எந்தப் பொருளாதார நிலையில் இருப்பவருக்கு இந்தத் தண்டனை என்ன செய்யும் என்று கேட்காமல் உத்தரவு போடும் குழு தன் வேலையைப் பாதிதான் செய்கிறது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம், தற்கொலைகள் குறித்து ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியான ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று வேறொரு வழக்கில் வழிகாட்டியது. ஆலோசகரை நியமித்துவிட்டு அவரையே ஒழுங்குக் குழுவில் உறுப்பினராக்கும் கெட்டிக்காரத்தனமும் நடக்கும். மாணவர் அவரிடம் வாய் திறக்க மாட்டார்.

தண்டனைக்கு மாற்றாகவோ அதோடு சேர்த்தோ இன்னொரு வழியும் இருக்கிறது. 1974இல் கனடாவின் எல்மிரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 இடங்களில் வீடு, வாகனம் என்று சேதப்படுத்தினார்கள். மார்க் யான்ட்சி என்ற நன்னடத்தை அலுவலரின் யோசனைப்படி, பாதிக்கப்பட்டவர்களின் வாசலுக்கு ஒவ்வொன்றாக அவர்களையே அனுப்பினார் நீதிபதி. நேரில் கேட்டார்கள், நஷ்டம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு ஈடுகட்டினார்கள். பிறகு ஹோவர்டு ஸேர் போன்றவர்கள் வளர்த்தெடுத்த சீரமைப்பு நீதி முறைக்கு அது ஒரு தொடக்கம். இன்று பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒழுங்கு விவகாரங்களில் இதைப் பயன்படுத்துகின்றன. விடுதிக் கண்ணாடியை உடைத்தவன் அதைத் துடைக்கும் அம்மாவிடம் போய்ப் பேசுவதும், வாட்ஸ்அப் குழுவில் ஒருவரின் சாதியைக் கேலி செய்தவன் அவர் சம்மதித்தால் அவர் எதிரில் உட்கார்ந்து கேட்பதும் ஒரு பருவ இடைநீக்கத்தைவிடக் கடினமானவை.

‘அவர் சம்மதித்தால்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். குற்றம் சாட்டப்பட்டவருக்குத் துணை வேண்டும் என்பது, பாதிக்கப்பட்டவரை ஓரங்கட்டுவதற்கான சாக்காகிவிடக் கூடாது. 1972இல் ராஞ்சி ராஜேந்திர மருத்துவக் கல்லூரியில் சில மாணவர்கள் இரவில் பெண்கள் விடுதி வளாகத்துக்குள் நிர்வாணமாகப் புகுந்தார்கள். மாணவிகளின் வாக்குமூலத்தை, குற்றம் சாட்டப்பட்ட மாணவர்கள் இல்லாதபோது விசாரணைக் குழு பதிவு செய்தது. எங்களை வைத்துக்கொண்டு விசாரிக்கவில்லை, குறுக்கு விசாரணை செய்ய விடவில்லை என்று அவர்கள் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 1973இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. குற்றச்சாட்டைத் தெரிவித்து, பதில் கேட்டு, மாணவிகளின் பெயரைக் காத்த அந்த முறை நியாயமானதே என்றது. பாலியல் புகார்களுக்கு யூஜிசியின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி தனி உள்ளகப் புகார்க் குழு உண்டு. 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். பாதிக்கப்பட்டவர் கேட்டால்தான் சமரசம். அந்தப் புகாரை ஹெச்.ஓ.டி. அறையில் மன்னிப்புக் கடிதத்தோடு முடித்துவைக்க யாருக்கும் அதிகாரமில்லை.

தண்டனை முடிந்து திரும்பி வரும் நாளைப் பற்றி எந்த விதிப் புத்தகமும் பேசுவதில்லை. ஒரு பருவம் வெளியில் இருந்தவர் ஜூனியர்களோடு உட்காருகிறார்; ஆசிரியர்கள் பழைய பெயரைச் சொல்லியே கூப்பிடுகிறார்கள்; அவர் மறுபடியும் போய்ச் சேரும் இடம் பழைய கூட்டம்தான். முதல் மாதம் வாரம் ஒருமுறை அவரோடு பத்து நிமிடம் பேச ஓர் ஆசிரியர், விட்டுப்போன தாள்களை எழுதுவதற்கு ஒரு திட்டம், மாற்றுச் சான்றிதழின் ‘ஒழுக்கமும் பண்பும்’ என்ற வரியில் முடிந்துபோன சிறு தவறை ஏற்றாமல் விடும் பெருந்தன்மை. இவ்வளவுதான் தேவை.

முடிவில் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். யூஜிசியின் 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அது 15 வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைகேட்பு அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாட்களில் தீர்க்க முயல வேண்டும். நிறுவனம் தன் சொந்த விதிக்கு மாறாக நடவடிக்கை எடுத்ததும், சான்றிதழ்களைத் தராமல் இழுத்தடிப்பதும் இங்கே கொண்டுபோகக்கூடிய குறைகள். இந்தக் குழு, இந்த அதிகாரி பற்றிய விவரங்கள் கல்லூரியின் இணையதளத்திலும் விவரக் குறிப்பேட்டிலும் தெளிவாக இருந்தாக வேண்டும். விடுதிச் சாப்பாட்டையும் வேலைவாய்ப்பு விகிதத்தையும் விசாரிக்கும் சேர்க்கை நாளிலேயே இதையும் விசாரியுங்கள். இல்லை என்றால், ஏன் இல்லை என்று முதல்வருக்கு எழுதிக் கேளுங்கள்.